ஒழுகும் டெப்பும் கத்தும் மாடும்

அந்த மோட்டார் சைக்கிளை என்னிடம் கையளித்தபோதே அதன் பெற்றோல் டெப் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் திறப்பை என் கையில் வைத்துவிட்டு, "ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு விழும். பெரிசா ஒண்டுமில்லை" என்றார். அவர் கண்டிக்கு மாற்றலாகிப் போகும் சந்தோஷத்தில் இருந்தார். அவருடைய பழைய காற்சட்டையின் இடது முழங்காலில் தேசிக்காய் அளவில் ஒரு மஞ்சள் கறை இருந்ததை நான் கவனித்தேன். அது எதனால் வந்தது என்று இரண்டு மாதத்துக்குப் பிறகு, என் காற்சட்டையிலும் அதே இடத்தில் அதே கறை விழுந்தபோதுதான் விளங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக மாத்தளைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கால்நடைப் போதனாசிரியர் என்பது பதவியின் பெயர். ஊர்ச்சனத்துக்கு நான் மாட்டு டாக்டர். உண்மையான டாக்டர் வேறொருவர்; அவர் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்தார், நான் வீதியில் இருந்தேன். மாத்தளையிலிருந்து பலாபத்வல, அங்கே பெரிய வீதியை விட்டுத் திரும்பிப் பல்லேபொல வரை என்னுடைய எல்லை. பசுக்களுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்துவது பிரதான வேலை. உறைந்த காளை விந்தை மெல்லிய குழல்களில் அடைத்து, திரவ நைதரசன் கலனில் போட்டு, சீற்றின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும்பும்.

டெப் என்பது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. தாங்கியின் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு உலோகத் துண்டு, அதில் ஒரு சின்னக் கைபிடி. கீழே திருப்பினால் பெற்றோல் வரும், பக்கவாட்டில் திருப்பினால் நிற்கும், மேலே திருப்பினால் ரிசேர்வ். உள்ளே நான்கு துளை போட்ட வட்டமான ரப்பர் பெக்கிங் ஒன்று இருக்கும். கைபிடியின் தட்டை முகம் அதன்மேல் அழுத்திக்கொண்டு சுழலும். அவ்வளவுதான். ரயில் எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிற நாட்டில் இந்த ஒரு துண்டை ஒரு வருடமாக என்னால் அடக்க முடியவில்லை.

கந்தோரில் புதிய டெப்புக்கு எழுதிக் கேட்டேன். பழையதைக் கையளித்தால்தான் புதியதற்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பழையதைக் கையளித்தால் நான் எதில் போவது என்று கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. கண்டிக்குப் போகிறவர்களிடமும் கொழும்புக்குப் போகிறவர்களிடமும் சொல்லிவிட்டேன். அந்த மாதிரிச் சைக்கிள் இப்போது இறக்குமதியாவதில்லை என்ற பதில் மட்டும் எல்லாக் கடைகளிலிருந்தும் ஒரே மாதிரி வந்தது.

மாத்தளை அம்மன் கோயிலுக்குப் பின்பக்க வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற, எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் முதல்முறை போனபோது குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா சார்? அஞ்சு நிமிஷம். நீங்க போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க."

குடித்துவிட்டு வந்தபோது பழைய சைக்கிள் ரியூப்பில் வட்டம் வெட்டி, துளை போட்டு, உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். "இனிமே ஒரு சொட்டு விழுந்தா என்னைய வந்து கேளுங்க" என்றார். நான்கு நாள் விழவில்லை. ஐந்தாம் நாள் விழுந்தது. போய்க் கேட்டேன்.

"நீங்க ரொம்ப இறுக்கித் திருப்புறீங்க சார். மெதுவாத் திருப்பணும்."

இரண்டாம் முறை லொறி ரியூப்பில் தடிப்பாக வெட்டி வைத்தார். மூன்று நாள் தாங்கியது. "பெட்ரோல்ல கலப்படம் சார். இப்ப எதுதான் சுத்தமா வருது?" என்றார். மூன்றாம் முறை, "பல்லேபொல ரோடு அப்படி சார். உலுக்குற உலுக்குல எது நிக்கும்?" என்று கேட்டார். என் கையில் பிழை கண்டார், பெற்றோலில் பிழை கண்டார், வீதியில் பிழை கண்டார். தான் வெட்டிய ரப்பரில் மட்டும் அவர் ஒருநாளும் பிழை காணவில்லை. கடைசியில் உடுப்புச் சவர்க்காரத்தைப் பிசைந்து மூட்டில் அப்பச் சொன்னார். அது அரை நாளுக்கு உண்மையாகவே வேலை செய்தது. ஆகவே அந்த வருடம் முழுக்க என் சட்டைப்பையில் பேனையோடு ஒரு சவர்க்காரக் கட்டியும் இருந்தது. பண்ணைக்காரர்கள் என்னைச் சுத்தமான மனிதர் என்று நினைத்திருக்கக்கூடும்.

நாங்கள் நகரத்தில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். வெளியே விட்டால் காணாமல் போய்விடும் என்று சைக்கிளை உள்நடையில் நிறுத்துவேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பொறுமைசாலிதான். ஆனால் அந்த நடையின் முடிவில்தான் சாமிப்படம் இருந்தது.

"இஞ்சேருங்கோ, நான் விளக்குக் கொளுத்தப் போறன். அதை வெளியில எடுத்து விடுங்கோ."

"நேற்றும் எடுத்துத்தானே விட்டனான்."

"எடுத்தனீங்கள். விளக்கு நூந்த உடன திரும்பவும் உள்ளுக்குக் கொண்டுவந்தனீங்கள். வீடு முழுக்க மணக்குது. சோறும் மணக்குது. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கேக்குதுகள், ரீச்சர், உங்கட வீடு பெற்றோல் செட்டுக்குப் பக்கத்திலயோ எண்டு."

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணரின் கடிதம் ஒன்று பல கை மாறி வந்து சேர்ந்தது. அங்கே பெற்றோல் போவதற்குத் தடை. ஊசி மருந்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பதாகவும், காலையில் இரண்டு சொட்டு விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவதாகவும் அண்ணர் எழுதியிருந்தார். ஏதோ வித்தை கற்றுக்கொண்டவர் போலப் பெருமையாகத்தான் எழுதியிருந்தார். நான் அதை நடையில் நின்று வாசித்தேன். சைக்கிளின் கீழ் வைத்திருந்த தகரப்பேணிக்குள் சொட்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணருடைய ஒரு நாள் பெற்றோல் என் வீட்டில் சில விநாடிகளில் விழுந்துகொண்டிருந்தது. பதில் எழுதும்போது எல்லாரும் சுகம் என்று எழுதினேன். டெப்பைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

பல்லேபொலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பல வருடம் வேலை செய்துவிட்டு நின்றவர். கணவர் மாத்தளையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றில் மூட்டை நிறுப்பவர், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஒருநாள் அந்த அக்கா முதல் பஸ்ஸில் ஏறிக் கந்தோர் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஐயா, செவலை நேத்து சாயங்காலத்துல இருந்து கத்துதுங்க. இன்னைக்குக் காலையிலயே வந்துருங்க. விட்டா அடங்கிரும்."

"பத்து மணிக்குள்ள வாறன் அக்கா. நீங்கள் போங்கோ."

மாடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாள் தாங்காது. தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நான் கலனைக் கட்டிக்கொண்டு உதைத்தேன். எஞ்சின் செருமவில்லை. முதல்நாள் மாலைதான் தாங்கியில் ஒரு லீற்றர் ஊற்றி, மனைவியின் புண்ணியத்தில், கந்தோர்க் கொட்டிலில் விட்டுப் போயிருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் தாங்கியின் அடித்தகடு தெரிந்தது. கொட்டில் நிலத்தில் ஒரு பெரிய ஈர அடையாளம் காய்ந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனேன். பெற்றோல் ஏற்றிவரும் பவுசர் இன்னும் வரவில்லை, மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள்.

அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நான்கு மணி. செவலை கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார் அக்கா. "அது மத்தியானமே அடங்கிருச்சு."

"பெற்றோல் டெப் ஒழுகிப்போச்சு அக்கா."

"பஸ்ஸுல வந்திருக்கலாம்ல?"

அதையும் செய்து பார்த்தவன்தான் நான். சில மாதங்களுக்கு முன்பு கலனோடு பஸ்ஸில் ஏறியபோது, மூடியிடுக்கால் கசிந்த வெள்ளைப் புகையைக் கண்ட கண்டக்டர் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி என்னையும் கலனையும் இறக்கிவிட்டார். அந்தக் காலத்தில் பஸ்ஸில் எது புகைந்தாலும் சனம் யன்னலால் குதிக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் அக்காவுக்கு விளக்க எனக்குச் சக்தி இருக்கவில்லை. அடுத்த முறை கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகுதான் போத்தல் யோசனை வந்தது. சேலைன் ஏற்றிய வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை டெப்பின் கீழே கம்பியால் கட்டி, சொட்டு நேரே அதற்குள் விழும்படி ஒரு சின்னக் குழாயையும் பொருத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்திப் போத்தலைத் திரும்பத் தாங்கிக்குள் ஊற்றினால் ஒரு துளியும் வீணாகாது. நடையில் மணமும் குறைந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு விளக்குக் கொளுத்தப் போனார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

சரியாக மூன்று வாரம் முடிந்த அன்று பால் சேகரிக்க வருபவரிடம் அக்கா சொல்லியனுப்பியிருந்தார், செவலை திரும்பவும் கத்துகிறது என்று. காலை எட்டு மணிக்கே புறப்பட்டேன். தாங்கியில் பெற்றோல் இருந்தது. கலனில் குழல்கள் இருந்தன. வானம்கூட வெளித்திருந்தது. பலாபத்வலைக்குச் சற்று முன்பு சோதனைச் சாவடி. வழக்கமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்று புதியவர்கள் நின்றார்கள்.

இளம் சிப்பாய் ஒருவர் குனிந்து போத்தலைப் பார்த்தார். மணந்தார். பிறகு இரண்டடி பின்னால் போய் சார்ஜன்டைக் கூப்பிட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

"என்ன இது?"

"பெற்றோல்."

"பெற்றோல் ஏன் போத்தலில் இருக்கிறது?"

"டெப் ஒழுகுகிறது."

"ஒழுகினால் திருத்த வேண்டியதுதானே?"

"ஒரு வருடமாகத் திருத்துகிறேன்."

அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் சொன்ன சொற்களிலேயே மிகச் சத்தியமானது அதுதான். "பின்னால் இருப்பதைத் திற" என்றார். திறந்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பி வீதிப்பக்கம் சரிந்தது. எல்லாரும் பாய்ந்து விலகினார்கள். ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது.

"உள்ளே என்ன?"

"காளை மாட்டின் விந்து."

யாரோ ஒருவர் சிரித்தார். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "என்னோடு விளையாடுகிறாயா?" என்று கேட்டார். புகை கொஞ்சம் அடங்கியதும் இளம் சிப்பாய் துணிந்து வந்து, உள்ளே தொங்கிய கிண்ணத்தை வெளியே தூக்கி, குழல்களை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். நான் பதறிப்போய், "வெளியில் எடுக்க வேண்டாம், செத்துப்போகும்" என்று கத்தினேன். செத்துப்போகும் என்ற சொல் மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது. அவர் கிண்ணத்தையும் குழல்களையும் அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு ஓடினார்.

போத்தலில் பெற்றோல். அதில் ஒரு குழாய். புகைகிற கலன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தபோது, எனக்கே என்மேல் நம்பிக்கை குறைந்தது.

சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மரத்தடியில் போட்டிருந்த வாங்குப் பலகையில் இருத்தினார்கள். கந்தோருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். டாக்டர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். வேறு யாரும் என்னைப் பொறுப்பேற்றுச் சொல்லத் தயாராக இல்லை. அந்த வாங்கில் நான் இருந்த நான்கு மணித்தியாலமும் எப்படி இருந்தது என்று இப்போது எழுதுவது கடினம். இப்படி ஒரு வாங்கில் இருத்தப்பட்டு, அங்கிருந்து வாகனத்தில் ஏற்றப்பட்டு, பல மாதம் வீடு வராதவர்களை எனக்குத் தெரியும். மனைவிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்தேன். சோதனை முடிந்து போகிற பஸ்களில் என்னைத் தெரிந்த முகங்கள் தெரிந்தன. அவை என்னைப் பார்க்காதது போலப் போயின. எதிரே சைக்கிள் நின்றது. போத்தலைக் கழற்றிவிட்டதால் பெற்றோல் நேராக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. பயத்தின் நடுவிலும் அந்தச் சொட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மணிக்கு டாக்டர் வந்து தொலைபேசியில் பேசினார். சார்ஜன்ட் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். முகம் சற்று இளகியிருந்தது.

"இந்தப் போத்தலை இனி இந்த வீதியில் நான் காணக்கூடாது."

"சரி."

"முதலில் அந்த டெப்பைத் திருத்து."

நான் தலையை ஆட்டினேன். சப்பாத்து நாடாவைக் கட்டக்கூட நிற்கவில்லை. அப்படியே செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

திரும்பி மாத்தளைக்கே போயிருக்கலாம். குழல்கள் எல்லாம் உருகிச் செத்துவிட்டன. ஆனாலும் ஏனோ அக்காவின் வீட்டுக்குத்தான் போனேன். நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். செவலை தூரத்திலேயே கத்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா! தண்ணி காய்ச்சி வச்சிருக்கேன், சவர்க்காரம் வச்சிருக்கேன்" என்று அக்கா ஓடிவந்தார்.

"இண்டைக்கும் ஊசி இல்லை அக்கா. எல்லாம் செத்துப்போச்சு."

"என்னங்க சொல்றீங்க? மூணு வாரமா நாள எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். இதுக்குத்தானா நீங்க வந்தீங்க?" என்று தொடங்கியவர் திடீரென்று "ஐயையோ, மொளகு!" என்று கூவினார். முற்றத்தில் பாயில் காயப்போட்டிருந்த மிளகின் ஓரத்திலேயே நான் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். சொட்டு பாயின் விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது. பாயை இழுத்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

நான் பைக்குள்ளிருந்து திருப்புளியை எடுத்து, சைக்கிளின் பக்கத்தில் முழந்தாளிட்டு, டெப்பின் ஆணியைக் கழற்ற முயன்றேன். திருப்புளி வழுக்கியது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் வழுக்கியது. மூன்றாம் முறை அதைத் தூக்கி வீசினேன். மாட்டுக்கொட்டிலின் தகரத்தில் பட்டுப் பெரிய சத்தத்தோடு விழுந்தது. செவலைகூட ஒரு கணம் கத்துவதை நிறுத்தியது.

அக்கா போய்த் திருப்புளியை எடுத்து வந்தார்.

"எதுக்குங்க இதத் தூக்கி எறிஞ்சீங்க?"

"கோவத்தில அக்கா."

அவர் என் அவிழ்ந்த சப்பாத்தைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கோப்பை பிளேன்டீயும் ஒரு கை சீனியும் கொண்டுவந்து தந்தார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, "இப்பக் கழட்டுங்க, என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றார்.

தாங்கியில் மிஞ்சியிருந்ததை வாளிக்குள் வடித்து எட்டத்தில் கொண்டுபோய் மூடி வைத்தோம். டெப்பைக் கழற்றிக் கைபிடியைப் பிரித்தேன். உள்ளே பாஸ் வைத்த ரப்பர் ஊறிய கடலைபோல வீங்கி, ஓரம் பிய்ந்து, துளைகள் கோணலாகிக் கிடந்தது. அக்கா அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். மை போல விரலில் ஒட்டியது.

"சைக்கிள் டியூப்புங்களா இது?"

"ஓம்."

"யாருங்க வச்சது?"

"டவுணில ஒரு பாஸ்."

அக்கா சிரித்துவிட்டார். "ரப்பர் பெட்ரோல்ல நிக்குமாங்க? ஸ்டோர்ல ரப்பர் ஷீட்ட மூட்டையா அமுக்கி மேல பூசுவோம்ல, அந்தப் பூச்சே பெட்ரோல்ல ரப்பரப் போட்டு ஊற வச்சுக் கரைக்கிறதுதான். ஒரு ராத்திரி போட்டா காலையில கூழு. பதினோரு வருஷம் கலக்கியிருக்கேன். உங்க பாஸு கூழுக்கு ரப்பர் போட்டுக் கொடுத்திருக்காரு."

நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவன். ரியூப் ஒட்டும் பசையும் அப்படித்தான் செய்யப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டு விடயத்தையும் ஒரு வருடமாக ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க என் மூளைக்குத் தோன்றவில்லை. அக்காவின்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாஸின்மேல் அதைவிட வந்தது. என்மேல் வந்ததுதான் கூட.

"அப்ப எதை வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அது நீங்கதான் சொல்லணும். நான் என்ன மெக்கானிக்கா?"

முற்றத்தில் குந்தியிருந்து யோசித்தோம். செருப்புத் தோல் தடிப்பாக இருந்தது. சாக்குத் துணி கசியும். பழைய கார்களின் டெப்புகளில் தக்கை வைத்திருப்பார்கள் என்று எப்போதோ கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. தக்கை பெற்றோலில் கரையாது. "தக்கை இருக்கா அக்கா? போத்தல் மூடுற தக்கை?" அக்கா சற்றுத் தயங்கினார். பிறகு உள்ளே போய்த் தேநீர்ப் பிளாஸ்க் ஒன்றின் தக்கைமூடியைக் கொண்டுவந்தார். கணவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்போது கொண்டுபோகிற பிளாஸ்க்.

சவர அலகால் மெல்லிய வட்டமாக வெட்ட வேண்டும். முதல் வட்டம் நான் வெட்டினேன், உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. "குடுங்க இங்க" என்று வாங்கி, தக்கையை வெந்நீரில் சற்று ஊற வைத்து, மூன்றாவதை அக்கா வெட்டினார். மாட்டுக்குக் காய்ச்சிய வெந்நீர் அதற்காவது உதவியது. அடுப்படியில் குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நான்கு துளை போட்டேன். நான்காவது துளையில் அதுவும் வெடித்தது. நான் வாய்க்குள் சொன்ன சொல் அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியில் இன்னும் ஒரு வட்டத்துக்குத்தான் இடமிருந்தது. அது தப்பியது.

கைபிடியின் தட்டை முகத்தில் ஒரு கீறல் இருந்ததையும் அன்றுதான் கண்டேன். அக்கா பித்தளைச் செம்பு துலக்குவதுபோலச் சாம்பலால் தேய்த்துத் தேய்த்து அதை மங்க வைத்தார். பூட்டினேன். பெற்றோலை ஊற்றினேன். கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிட்டு இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது.

"அவ்வளவுதான், போச்சு" என்றேன்.

"பொறுங்க. தக்கை குடிக்கட்டும்" என்றார் அக்கா.

ஆணியை இன்னும் கால்வாசி இறுக்கினேன். இன்னொரு சொட்டு நீண்ட நேரம் தொங்கிவிட்டு விழுந்தது. அதன் பிறகு விழவில்லை. கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் பார்த்தோம். பத்திரிகையில் இரண்டு வட்டம் மட்டும் இருந்தன, அவையும் காய்ந்துவிட்டன. நான் கைபிடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, பைத்தியக்காரனைப்போலத் திருப்பிக்கொண்டிருந்தேன். "சும்மா விடுங்களேன் அத" என்று அக்கா அதட்டினார். செவலை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அன்று அதற்குச் செய்ய எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பிளாஸ்குக்குப் புது மூடி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மாத்தளையில் தேடி வாங்கி அடுத்த கிழமை கொண்டுபோனேன். அது அளவு பெரிதாக இருந்தது. மாற்றிக் கொண்டுபோனது சிறிதாக இருந்தது. அக்கா கடைசியில் ஒரு துணியைச் சுருட்டிச் செருகிவிட்டு, "நீங்க இனிமே எதையும் வாங்க வேணாங்க" என்று கும்பிட்டார்.

செவலை மூன்றாம் தடவை கத்துவதாக அக்கா சொல்லியனுப்பியபோது காலை ஏழரைக்கே புறப்பட்டேன். சாவடியில் அதே சார்ஜன்ட் நின்றார். என்னைக் கண்டதும் அவரே வந்து குனிந்து, டெப்பின் அடியில் விரலை வைத்துத் தடவி, விரலை மணந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "திருத்திவிட்டாயா? யார் திருத்தியது?" என்று கேட்டார். "மாட்டுக்காரி" என்றேன். இன்னொரு பொய் என்று நினைத்திருப்பார், ஆனாலும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒன்பது மணிக்கு முன்பு செவலைக்கு வேலை முடிந்தது. சாவடிக் கதையையும் சார்ஜன்ட் விரலை மணந்து பார்த்ததையும் அன்றுதான் அக்காவுக்குச் சொன்னேன். அடுத்த மூன்றாம் வாரம் அது கத்தவில்லை. மூன்று மாதத்தில் கை வைத்துப் பார்த்துச் சினை என்று உறுதிசெய்தேன்.

கன்று பிறந்த செய்தி கிடைத்ததும் அன்றே போனேன். அக்கா கொட்டில் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, வந்து பாருங்க உங்க ஊசியோட லட்சணத்த."

நல்ல திடமான நாம்பன் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"கெடேரி வேணும்னுதானே ஒவ்வொரு தடவையும் சொன்னேன்? காளக்கன்ன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பால் கறக்கவா?"

"அதை முடிவு பண்றது நான் இல்லை அக்கா."

"பின்ன யாருங்க? செக் பாயிண்டு சார்ஜன்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு உள்ளே போய்ச் சீம்பால் காய்ச்சியதை ஒரு கிண்ணத்தில் நிறையக் கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தது. நான் கொட்டில் வாசலில் குந்தியிருந்து அதைச் சாப்பிட்டேன். "இன்னொன்னும் கத்த ஆரம்பிச்சிருக்கு, நாளைக்குக் காலையில வந்துருங்க" என்றார் அக்கா, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் போட்டபடி.